தும்மலில் ஓடிய பந்து

அன்பு மருமகளுக்கு,

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு உன் அம்மா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாயாமே. எழுந்து உட்கார். உன் மாமா நான் விஞ்ஞானத்தையே புரட்டிப் போட்டிருக்கிறேன்.

நம் ஆய்வுக்கூடத்துச் சோதனைத் தொட்டியின் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பினால் சுவரும் தரையும் சேர்ந்து திருப்பிக் கத்தும். என் கிரேனிலிருந்து தண்ணீரில் தொங்கும் இரும்புப் பந்தின் எதிரொலி அந்தக் கூச்சலில் அமுங்கிப்போகும். அந்தக் கூச்சலை அடக்கத்தான் நீ புது ஒலியை உருவாக்கினாய். அதைச் சோதித்த அன்றைக்கு, "பந்தை மெதுவா நகர்த்துங்க மாமா" என்றாய். கிரேன் ஓட்டுவதில் என் கைக்கு இணை இந்த உலகத்திலேயே கிடையாது. நகர்வது அந்தப் பந்துக்கே தெரியாதபடி நகர்த்தினேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை. நீ அழுதுகொண்டே போய்விட்டாய்.

நேற்று உன் ஒலியைக் கடைசியாக ஒருமுறை போட்டுப் பார்த்தார்கள். நடுவில் எனக்கு ஒரு தும்மல்! கட்டடமே ஆடிப்போனது. கைப்பிடி இழுபட்டு, பந்து ஓடியது. திரையில் பளிச்சென்று ஒரு புள்ளி!

"இது எப்படி சார்?" என்று உன் மேலதிகாரியைக் குடைந்தெடுத்தேன்.

"அவ ஒலி அசையாததை எல்லாம் அழிச்சிட்டு, ஓடுறதை மட்டும் காட்டும். நீங்க நகர்த்துன லட்சணத்துல பந்தையும் சுவர்னு நினைச்சு அழிச்சிருக்கு!"

பார்த்தாயா, எவ்வளவு நுணுக்கமான கை எனக்கு!

உன் ராஜினாமாவை அவர் இன்னும் மேலே அனுப்பவில்லை. "திங்கட்கிழமை வரச் சொல்லுங்க" என்றார். வந்துவிடு, வேகமாகவே ஓட்டுகிறேன். தப்பு யார்மேல் என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே, கண்ணு.

உன் தாய்மாமா