புதினா இலை வைத்த தட்டு

அன்புள்ள என் வாயாடி நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால், அது உன் அண்ணன் கட்டிலின் தலைமாட்டிலேயே இருக்கிறது. வாய்தான் கட்டிப்போய்க் கிடக்கிறதே தவிர, காது பாம்புக் காது. மார்க்கெட்டிலிருந்து உங்கள் ஊருக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரிக்காரர் மத்தியானம் கிளம்புகிறார். சாயங்காலத்துக்குள் உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். நின்றபடி படிக்காதே, உட்கார்ந்துகொள். உன் அண்ணன் இப்போது தூங்குகிறார். மூச்சு சீராக இருக்கிறது, உடம்பு சுடவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டேன்.

பக்கவாதம் வந்த நாளிலிருந்து கூழும் கஞ்சியும்தான் என்று உனக்குத் தெரியும். விழுங்குகிற தசை பாதிதான் வேலை செய்கிறது, சாப்பாடு தடம் மாறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்று டாக்டர்கள் பயமுறுத்தி அனுப்பிவிட்டார்கள். போன வாரத்திலிருந்து கிண்ணத்தைக் கண்டாலே கையால் தள்ளுகிறார். சட்டை தோளில் தொங்குகிறது. மார்க்கெட் ஏலக் களத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவர் குரல் கொடுத்தால் வாசலில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். அந்த மனுஷன் இப்போது வாயைத் திறப்பதே இல்லை. பேச்சு குழறுகிறதாம், பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்கக் கூடாதாம். வீம்பு! உங்கள் குடும்பத்துக்கே உள்ளதுதானே.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சிலேட்டை வாங்கி இடது கையால் ஒன்றின்மேல் ஒன்றாக வட்டம் வரைந்து காட்டினார். லாரி டயர் என்றுதான் நான் நினைத்தேன். சின்னவள்தான் "ஐயோ அம்மா, அது பர்கர்!" என்றாள். களத்துக்கு லீவு கிடைத்தால் பார்லியும் ஓட்ஸும் தழையும் போட்டு அவரே தட்டிப் பொரித்துப் போடுவாரே, அதைத்தான் கேட்டிருக்கிறார். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

விழுங்கப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மாவிடம் கேட்டேன். "குடுங்க. ஆனா உதிரக் கூடாது, மொறுமொறுன்னு இருக்கக் கூடாது, இலை எதுவும் முழுசா இருக்கக் கூடாது, தொண்டையில ஒட்டிக்கும்" என்றார். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "இருமினா பதறாதீங்க. இருமல் நல்லது. சத்தமே இல்லாம உள்ள போனாத்தான் ஆபத்து" என்றார். அன்றிலிருந்து வீட்டில் எனக்கு ஒரே பாட்டுத்தான். அப்பாவுக்கு இலை ஆகாது, அப்பா பக்கத்தில் இலையைக் கொண்டுபோகாதே என்று பிள்ளைகள் காது புளிக்கும்வரை சொன்னேன். என் வாய்க்குத்தான் பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

நேற்று சாயங்காலம் இரண்டு விதமாகச் செய்தேன். அவருக்கு மட்டும் பார்லியைக் குழையக் குழைய வேகவிட்டு, ஓட்ஸோடும் உருளைக்கிழங்கோடும் மிக்ஸியில் அரைத்து, கொத்தமல்லியையும் புதினாவையும் விழுதாக்கிச் சேர்த்து ஆவியில் வைத்து எடுத்தேன். எங்களுக்கு எப்போதும் போல முழுப் பார்லி, நறுக்கின தழை, வாணலியில் போட்டு மொறுமொறுவென்று. ஆனால் பார்த்தால் ஒன்றுபோல இருக்க வேண்டுமே. தனக்கு மட்டும் நோயாளிச் சாப்பாடு என்று முகம் வாடிவிடுமே. அதனால் ஒருவருக்கும் பன் வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே அளவில் தட்டி, மேலே தக்காளி சாஸைத் தாராளமாக ஊற்றி மூடிவிட்டேன். எனக்கே அடையாளம் தெரியாமல் போய்விடப் போகிறதே என்று அவர் தட்டில் மட்டும் ஒரு புதினா இலையை வைத்தேன். மேஜைக்குப் போனதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். என்ன சாமர்த்தியம் பார்!

தட்டுகளைப் பிள்ளைகளிடம் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அவரை நிமிர்த்தி உட்காரவைக்கத் தலையணையோடு போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் முன்னால் தட்டு இருக்கிறது, இலையைக் காணோம். பிள்ளைகள் எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன். அவர் சாப்பிட்டார். நான் தட்டையே பார்க்கவில்லை, அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாய்க்கும் ரொம்ப நேரம் மென்றார். எவ்வளவு பொறுப்பாக மெல்லுகிறார் என்று எனக்குப் பெருமை வேறு. ஒரு இருமல் இல்லை, ஒரு கனைப்பு இல்லை. தட்டு காலியானதும் பெரியவன் கை தட்டினான். அவர் மேஜையை மூன்று முறை தட்டிக் காட்டினார், ஏலம் முடிந்ததாம். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

அடுக்களையில் பாத்திரம் கழுவும்போதுதான் சின்னவள் வந்து, "ஏம்மா, என்னோடது மட்டும் கொழகொழன்னு இருந்துச்சு?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எது உன்னுடையது என்று கேட்டேன். "புதினா வச்சது. அப்பாவுக்கு இலை ஆகாதுன்னு சொன்னீங்கல்ல, அதான் நான் எடுத்துக்கிட்டு என் தட்டை அப்பாவுக்கு வச்சேன்" என்று சொல்லிவிட்டு, நான் பாராட்டுவேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்படியானால் அவர் சாப்பிட்டது முழுப் பார்லியும் நறுக்கின தழையும், அதற்கும் ஒரு இருமல்கூட வரவில்லையே! அவள் தலையைத் தடவி, கெட்டிக்காரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது, நீயே சொல்.

பக்கத்து வீட்டுக்கு ஓடி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்கினாலோ உடம்பு சுட்டாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் தூக்கிவரச் சொன்னார். சில நேரம் சுரம் இரண்டு நாள் கழித்தும் வருமாம். அதுவரை குரலைக் கவனிக்கச் சொன்னார். உள்ளே ஏதாவது தங்கியிருந்தால் குரல் தண்ணீர் தளும்புவதுபோல ஈரமாகக் கேட்குமாம், தெளிவாக இருந்தால் ஓரளவு நிம்மதியாம். 'ஆ' என்று நீட்டிச் சொல்லவைத்துக் கேளுங்கள் என்றார். திரும்பி வந்து உன் அண்ணனிடம் கெஞ்சினேன், திட்டினேன், கையைப் பிடித்து அழுதும் பார்த்தேன். இத்தனை அழுகை எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். காரணத்தைச் சொன்னால் சின்னவள் காதுக்குப் போய்விடும். விடியும்வரை அவர் நெற்றியில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். என் கை சுடுகிறதா, அவர் நெற்றி சுடுகிறதா என்றுகூட இப்போது தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. கூழோடு விட்டிருந்தால் இந்த வம்பே இல்லை.

உன்னிடம் மட்டும்தான் அவரால் எதிர்த்துப் பேசாமல் இருக்கவே முடியாது. கடிதம் கிடைத்த கையோடு போன் போடு. நலம் விசாரிக்காதே, அழுதுவிடாதே. உன் சைக்கிளை அவர் தெருவில் வைத்து ஏலம் விட்ட கதையை எடு. நீயே விட்டுக்கொடுத்த சைக்கிள்தானே என்று எத்தனை முறை உன்மேல் பாய்ந்திருக்கிறார்! வாய்க்கு வந்தபடி சண்டை போடு. அவர் பதிலுக்குக் கத்தட்டும், குழறட்டும், கெட்ட வார்த்தையே சொல்லட்டும். நான் பக்கத்தில் நின்று குரலை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த இலை விஷயம் உன்னோடு போகட்டும். என்ன ஆனாலும் சரி, சின்னவள் வளர்ந்து பெரியவளாகிக் கேட்டாலும் சரி, தட்டை மாற்றி வைத்தது நான்தான் என்று சொல்.

நீயும் உன் வீட்டாரும் நூறு வயசு நன்றாக இருங்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உன் வாயைக் கொஞ்சம் மூடு என்று சொன்ன அதே அண்ணி கேட்கிறேன். அவர் பேசும்வரை போனை வைத்துவிடாதே.

இப்படிக்கு,
காத்துக்கொண்டிருக்கும்
உன் அண்ணி