ஒரே குரலுள்ள இரண்டு முரசுகள்

பீரோவின் அடித்தட்டில் தேடி, கடைசியில் அந்த இரண்டு அட்டைகளையும் எடுத்துவிட்டேன். பாச்சை உருண்டை வாசம் ஏறிப்போயிருக்கிறது. இரண்டும் எட்டு மூலைக் கோணல்மாணல். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. காலையில் உன் பையன் போன் செய்திருந்தான். அப்பா அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிய வருஷமெல்லாம் வீண் என்கிறார்களே, நிஜமா என்று கேட்டான். அதற்காகத்தான் தேடினேன்.

கல்பாக்கத்தில் நமக்கு அடுத்தடுத்த மேசை. குழாய்களின் அதிர்வை அளப்பது என் வேலை, அதற்குச் சமன்பாடு போடுவது உன் வேலை. மிச்ச நேரமெல்லாம் உனக்கு ஒரே பைத்தியம். கண்ணால் பார்க்காத ஒரு முரசின் சுரங்கள் அத்தனையையும் கேட்டால் அதன் வடிவத்தைச் சொல்லிவிடலாமா? பரப்பைச் சொல்லலாம், விளிம்பின் நீளத்தைச் சொல்லலாம்; அது முன்பே தெரிந்த சேதி. வடிவத்தையும் சொல்லலாம் என்று நிரூபிக்கக் கிளம்பிய நீ, பதவி உயர்வு நேர்காணலைக்கூட மறந்துபோனாய். எனக்கு மண்டையில் ஏறாதபோது ஸ்பிரிங்கில் ஆடும் குண்டுக்கு இறங்கி வருவாய். "அணு அளவுக்குப் போனா, சக்தியெல்லாம் எறங்கி அடிப்படிக்கு வந்தாகூட அது சும்மா நிக்காது மச்சான். நடுங்கிகினேதான் கீது." கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்போதும்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் நூலகத்துக்கு அந்தக் கட்டுரை வந்தது. வடிவம் வேறுவேறான இரண்டு முரசுகள், சுரம் ஒன்றுகூட மாறாமல் ஒலிக்கும் என்று வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள். உன் கணக்கு அதோடு முடிந்தது. நீ விடுப்பில் இருந்தாய். ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றத்தில் உன் வீடு வரை ஸ்கூட்டரில் வந்தேன், வழியெல்லாம் ஆறுதல் வார்த்தைகளை ஒத்திகை பார்த்தபடி.

நீ படித்து முடித்து, புதுச் சட்டை வந்த பெட்டியைக் கிழித்து, அந்த முரசுகளின் வடிவில் இந்த இரண்டையும் வெட்டினாய். உன் கண் கலங்கியிருந்தது. நான் ஆறுதலை ஆரம்பிக்கப் பார்த்தேன்.

"ரெண்டுலயும் அதே ஏழு முக்கோணம், ஒட்டின விதம்தான் வேற. ஒடம்பு வேற, குரல் ஒண்ணு. இத்த பாக்காமலே போயிருந்தா இன்னா ஆயிருக்கும் மச்சான்?"

தோற்றுப்போனவன் முகமா அது? கணக்கைவிட உன்னைப் பார்த்துத்தான் நான் பிரமித்தேன். மாலையில் மாமல்லபுரம் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போய், எதிரே வந்தவர்களிடமெல்லாம் அட்டைகளைக் காட்டினாய். சுண்டல்காரர், மனை விற்கிறோம் என்று நினைத்து, தண்ணீர் நல்லா இருக்குமா சார் என்று விசாரித்தார். சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

உன் பையனிடம் வீணில்லை என்று மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வா, உங்க அப்பா சந்தோஷப்பட்டதைக் கையிலேயே தருகிறேன் என்றேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்த ஒன்றை உன்னிடம்தான் சொல்ல முடியும். போனை எடுத்ததும், "எப்டி கீறீங்க?" என்று கேட்டது குரல். நீ போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆனது அந்த நிமிஷம் எனக்கு நினைவில்லை.

"எங்க மச்சான் போய்த் தொலைஞ்ச?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் அவர் பையன், மாமா" என்றான். பிறகு பேசிக்கொண்டே போனான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு கூர்ந்து கேட்டும், நீயா அவனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.