அன்றைக்கு மட்டும் லீவு போடச் சொன்ன மகளுக்கு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ சுகமா என்று கேட்க வேண்டியதில்லை, போன ஞாயிற்றுக்கிழமை போனில் அவ்வளவு வேகமாகப் பேசி அவ்வளவு வேகமாக வைத்தாயே, உடம்பில் தெம்பு இல்லாதவளால் அது முடியாது. அதனால்தான் பேசாமல் எழுதுகிறேன். போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்தில் சிக்னல் போகாது, பாதியில் மடித்து வைத்தாலும் மேஜை மேல் உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கூட்டித் துடைக்கிற பல்கலைக்கழகத்துக்கு, அதிலும் நான் துடைக்கிற அதே காந்த ஆய்வுக் கூடத்துக்கு, விரிவுரையாளர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வருகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் அப்பா பஸ் ஓட்டிய காலத்தில்கூட இவ்வளவு பரபரப்பாக இருந்ததில்லை, காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார், திருப்திப்படாமல் அதன் மேல் இன்னொரு வட்டம் போட்டார், இப்போது தேதியே தெரியவில்லை. ஆனால் நான் அந்தச் சந்தோஷத்தில் ஒரு மூச்சு விடுவதற்குள் நீ அடுத்ததைச் சொல்லிவிட்டாய். அன்னைக்கு ஒரு நாள் மட்டும் லீவு போட்டுடும்மா, வேற ஒண்ணுமில்ல, அம்மா அங்க வேலை செய்றாங்கன்னு தெரிஞ்சா சிபாரிசுல வந்தவன்னு பேசுவாங்க, என்றாய். சிபாரிசா. அடி டாக்டரம்மா, இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. துப்புரவுக்காரியின் சிபாரிசில் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கும் என்று இந்த உலகத்தில் நினைக்கிற ஒரே ஆள் நீதான். அப்படி ஒரு செல்வாக்கு எனக்கு இருந்திருந்தால் முதலில் கீழ்த்தளக் கழிப்பறையில் ஒழுகுகிற குழாயை மாற்ற வைத்திருப்பேன், அடுத்து நாங்கள் மாப் வைக்கிற அறைக்கு ஒரு ஜன்னல் கேட்டிருப்பேன். உன் முறை அதற்குப் பிறகுதான் வந்திருக்கும்.

நீ வரத் துடிக்கிற இடம் எப்படிப்பட்டது என்று வேலை விளம்பரத்தில் போட்டிருக்க மாட்டார்கள், என்னிடம் கேட்டுக்கொள். இயற்பியல்காரர்கள் பெரிய காந்தத்தைத் தங்கள் வீட்டுச் சீதனம் மாதிரி காப்பாற்றுகிறார்கள், அதற்குக் குளிர்ந்த ஹீலியம் ஊற்றுகிற நாளில் யாரையும் அண்ட விடமாட்டார்கள். வேதியியல்காரர்கள் பென்சில் கனத்தில் கண்ணாடிக் குழாய்களைத் தங்கள் காந்தத்துக்குள் இறக்கிவிட்டுத் திரையில் கோடு கோடாக வருகிறதா என்று பார்ப்பார்கள், கோடு பிடிக்காத நாளில் குப்பைத் தொட்டி நிரம்பி வழியும். மருத்துவக்காரர்கள் ஆளையே உள்ளே படுக்க வைத்து மூளையைப் படம் எடுக்கிறார்கள். மாடியில் பறவைக்காரர், மர அறை ஒன்றைச் சுற்றிச் செம்புக் கம்பி சுற்றி, வடக்கைக் கிழக்குப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, சின்னக் குருவி எந்தப் பக்கம் தாவுகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பார், வீட்டிலிருந்து மனைவி போன் செய்தால்தான் தான் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அவருக்கு ஞாபகம் வரும். இன்னொரு அம்மா பழைய சூளைகளிலிருந்து வெந்த செங்கல் துண்டுகளாகக் கொண்டுவந்து குவிக்கிறார், வெந்து ஆறிய நாளில் வடக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதை அந்தச் செங்கல் இன்னமும் வைத்துக்கொண்டிருக்கிறதாம், அதை அளந்து அதன் வயதைச் சொல்கிறார், கொட்டுகிற தூசி எனக்கு. இத்தனை பேருக்கும் சோறு போடுவது காந்தம்தான், ஆனால் தேநீர் அறையில் துறைக்கு ஒரு கெட்டில், ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருக்கிறது, அடுத்த துறை கெட்டிலில் தண்ணீர் வைத்தவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இதில் எல்லாத் துறையினரோடும் இணக்கமாகப் பழகக்கூடியவர் தேவை என்று விளம்பரம். அந்தக் கட்டடத்தில் எல்லாத் துறையினரோடும் பேசுகிற ஒரே ஆள் நான்தான், காலைக் கொஞ்சம் தூக்குங்க, துடைக்கணும் என்று. நானே மனுப் போட்டிருக்கலாம், உனக்குப் போட்டியாக இருக்க வேண்டாமே என்று விட்டேன்.

நீ ஆராய்ச்சி செய்கிற கிருமிகளைப் பற்றியும் தேர்வில் அவர்களிடம் நன்றாகச் சொல். வயிற்றுக்குள் காந்தத் துணுக்குகளை மாலை மாதிரி கோத்து வைத்துக்கொண்டு, அது காட்டுகிற பக்கம் நீந்திப் போய்ச் சேற்றில் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிற கிருமி என்று நீ சொல்லச் சொல்ல நான் கேட்டிருக்கிறேன். கண்ணுக்கே தெரியாத கிருமிக்கு வீடு எந்தப் பக்கம் என்று தெரிகிறது, மூன்று வருஷமாக என் மகளுக்குத் தெரியவில்லை என்று அப்பா சொன்னதை நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

இப்போது லீவுக்கு வருகிறேன். போன மாதம் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லவில்லை, சொன்னால் போனிலேயே பாடம் எடுப்பாய் என்று பயம். எங்கள் பிளாஸ்டிக் வாளி உடைந்துபோய், கான்ட்ராக்டர் இரும்பு வாளி அனுப்பினார். மூளைப் படம் எடுக்கிற அறையைத் துடைக்க அதை எடுத்துக்கொண்டு போனேன். வாளி இரும்பு என்பதும் உள்ளே இருப்பது காந்தம் என்பதும் எனக்குத் தெரியாதா, தெரியும். ஆனால் அன்றைக்கு விடுமுறை, ஆள் இல்லை, விளக்கு அணைந்திருந்தது, விளக்கை அணைத்தவர்கள் காந்தத்தையும் அணைத்துவிட்டுத்தான் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அதை யாரும் அணைப்பதே இல்லை, ராப்பகலாக இழுத்துக்கொண்டே இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது. வாசலைத் தாண்டி நாலு அடி வைத்திருப்பேன், வாளி என் கையைப் பிடுங்கிக்கொண்டு பறந்தது, சோப்புத் தண்ணீர் சுவரெல்லாம். நல்ல வேளை, கையை விட்டேன், உள்ளேயும் ஆள் இல்லை. மறுநாள் இயற்பியல்காரர்கள் இரண்டு பேர், வேதியியல் பையன் ஒருவன், பறவைக்காரர், செங்கல் அம்மா எல்லோரும் கயிறு கட்டி இழுத்தார்கள். அத்தனை துறையும் ஒன்று சேர்ந்து செய்த முதல் ஆராய்ச்சி என் வாளிதான். நான் கேட்கிறேன், இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காந்தம் காந்தம் என்று காதைத் துளைத்தாயே, அம்மா, அதை அணைக்க மாட்டாங்க, வாளியோட போயிடாதே என்று ஒரு வார்த்தை சொன்னாயா. நீ படித்த படிப்பில் துடைக்கிறவள் எங்கேயுமே வரவில்லை போலிருக்கிறது. அங்கே இருக்கிற பெரியவர்களுக்கும் அப்படித்தான், புதிதாக வருகிற மாணவருக்கெல்லாம் ஒரு நாள் முழுக்க எச்சரிக்கை வகுப்பு எடுக்கிறார்கள், எங்களுக்கு யாரும் எடுத்ததில்லை. ஆனால் வாளி பறந்ததும் என்னை வேலையை விட்டு நிறுத்தலாமா என்று கூடிப் பேச மட்டும் அறை கிடைத்தது. கடைசியில் நிறுத்தவில்லை. இனிமேல் அந்த வாசலில் ஓர் ஆள் நின்று உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் உடம்புக்குள் இரும்பு இருக்கிறதா என்று கேட்டு, சாவி, சில்லறை, பெல்ட் எல்லாம் வாங்கித் தட்டில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதை எந்தத் துறை செய்வது என்று வாரம் முழுக்கச் சண்டை, யாரும் ஒத்துக்கொள்ளாமல் கடைசியில் எங்கள் தலையில் விழுந்தது. காலை முறை எனக்கு. துறைத் தலைவரே என் எதிரில் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகிறார், பார்க்க நன்றாக இருக்கிறது.

தேர்வுக்கு வருகிறவர்களுக்குக் கூடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், அந்த வாசல் வழியாகத்தான் நீ போக வேண்டும். அங்கே நிற்பது நான் என்று உனக்குத் தெரியாது, ஆனாலும் எங்காவது என் எதிரில் வந்து நிற்க வேண்டியிருக்குமோ என்றுதான் நீ பயந்தாய் என்று எனக்குத் தெரியும். சரி, பெற்றவள் கேட்டாள் என்று நீ எத்தனையோ செய்திருக்கிறாய், பிள்ளை கேட்டது என்று நான் இதைச் செய்தால் என்ன என்று லீவு கேட்டேன். சூப்பர்வைசர் உடனே கொடுத்துவிட்டார், நல்லதாப் போச்சு, அன்னைக்கு வெளியாளுங்க வர்றாங்க, வாசல்ல ஒருத்தி நின்னா போதும், மத்தவங்க யாரும் கண்ணுல படாம மாப் ரூமுக்குள்ள இருங்க, கதவைச் சாத்திக்குங்க, என்றார். இது புதிதில்லை, பெரிய ஆட்கள் வருகிற நாளெல்லாம் நாங்கள் அந்த ஜன்னல் இல்லாத அறையில் வாளிகளோடு வாளியாக உட்கார்ந்திருப்போம், தரை மட்டும் தானாகப் பளபளக்கிற மாதிரி அவர்கள் நடந்து போவார்கள். இத்தனை வருஷமாக அது எனக்குப் பழகிப்போயிருந்தது. அன்றைக்குத்தான் சுருக்கென்றது, அவர் சொன்னதும் நீ சொன்னதும் ஒரே பேச்சு. அவர் சொல்வது மேலே இருப்பவர்கள் சொல்லி. நீ சொன்னது யார் சொல்லி என்று நானே கேட்டுப் பார்த்தேன், பதில் பிடிக்கவில்லை, அதனால் அதை விட்டுவிட்டேன்.

நான் விட்டாலும் நெட்டை விடவில்லை. நெட்டை என்பது என்னோடு வேலை செய்கிறவள், அலமாரி மேலே இருக்கிற தூசிக்கு நாங்கள் அவளைத்தான் அனுப்புவோம். தேர்வுக்கு வருகிறவர்களின் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள், அவள் அதைப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். இது உன் பொண்ணுதானே, மூக்கைப் பார்த்தாலே தெரியுதே, அன்னைக்குப் பார்த்து உனக்கு என்ன லீவு வேண்டிக்கிடக்கு, என்றாள். முட்டி வலி என்றேன். எந்த முட்டி, என்றாள். அவசரத்தில் நல்ல முட்டியைக் காட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவளிடம் எதை மறைப்பது. முழுக்கக் கேட்டுவிட்டு அவள் திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. அப்ப உனக்குப் பதிலா வாசல்ல நின்னு உன் பொண்ணுகிட்ட உடம்புக்குள்ள இரும்பு இருக்கான்னு நான்தான் கேட்கணும், அவ இருக்குன்னு சொன்னா எங்க, எப்பன்னு வேற கேட்கணும், எனக்கென்னடி தெரியும் அவளைப் பத்தி, என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போய் லீவை ரத்து செய்துவிட்டேன்.

கோபத்தில் செய்யவில்லை, நிதானமாகப் படி. நான் யோசித்துப் பார்த்தேன், அன்றைக்கு நான் ஒளிந்துகொள்கிறேன், வேலை உனக்கே கிடைக்கிறது என்று வைத்துக்கொள், மறுநாளிலிருந்து என்ன செய்வாய், தினமும் எனக்கு லீவு தருவாயா. அடுத்த மாடியில் நீ வகுப்பெடுக்க, நான் உன் அறைக் குப்பையை யாரோ ஒரு மேடத்தின் குப்பை மாதிரி எடுத்துக்கொண்டு போவேனா. போவேன், உனக்காக அதையும் செய்வேன், ஆனால் உன்னால் எத்தனை நாள் முடியும். உன்னை நான் அறிவேன், பொய் சொன்னால் உனக்கு வயிறு கெட்டுவிடும். அப்பா எப்போதும்போல் உன் கட்சி, புள்ள பதட்டத்துல சொல்லிடுச்சு, விடு, நீ எதுக்கு அதைப் போட்டுக் குடையற, என்றார். என்னைச் சமாதானம் செய்துவிட்டு அவரே என் யூனிஃபார்மில் இருந்த இரும்புப் பொத்தான்களை அறுத்துவிட்டு பிளாஸ்டிக் பொத்தான் தைத்து, இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறார், தேதிக்கு இன்னும் நாள் கிடக்கிறது.

ஆகவே அன்று காலை வாசலில் நான்தான் நிற்பேன். உன்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டேன், கட்டிப்பிடிக்கமாட்டேன், சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டேன், அது ரொம்பக் கஷ்டம், ஆனாலும் கேட்கமாட்டேன். எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்பேன். உடம்புக்குள் தகடு, திருகு, கம்பி ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். இடது முழங்கையில் தகடு இருக்கிறது என்று நீ சொல்வாய். எப்போது வைத்தது என்று கேட்பேன், கேட்டே ஆக வேண்டும். ஒன்பது வயதில் என்பாய். ஆஸ்பத்திரியில் யார் கூட இருந்தது என்று கேட்கமாட்டேன், அது என் கேள்விகளில் இல்லை. அதற்கப்புறம் உன்னோடு நிற்கிற பெரியவர்களிடம் நீ என்ன சொல்வாயோ, சொல்லாமல் உள்ளே போவாயோ, அது உன் இஷ்டம். சொல்லாவிட்டாலும் சாயங்காலம் வீட்டுக்கு வா, அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், அப்பாதான் பேசுவார், அவரை நீயே சமாளித்துக்கொள்.

வேலை உனக்கே கிடைக்கட்டும், கை கால் சுகத்தோடு, மனசில் பயமில்லாமல் நீண்ட காலம் நன்றாக இரு. நேரத்துக்குச் சாப்பிடு, தேர்வுக்கு முந்தின நாள் நன்றாகத் தூங்கு. ஒன்றை மறக்காதே, தலையில் ஊசி குத்திக்கொண்டு வராதே, பெல்ட் வேண்டாம், உள்ளே கம்பி வைத்துத் தைத்தது எதையும் போட்டுக்கொண்டு வராதே, அத்தனை பேர் முன்னால் அதையும் நான் கேட்க வேண்டியிருக்கும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
(அன்றைக்கு வேலையில்தான் இருப்பேன்)