நாலு பக்கமும் கேட்கும் ஸ்பீக்கர்போன்

பாண்டீஸ்வரன் முடிவெட்டப் போயிருந்த நேரம் பார்த்து, அவன் வீட்டிலேயே ஆபீஸ் வேலை பார்க்கும் அறையைப் பூட்டினாள் கனகலட்சுமி. பேனா தாளைக் கிழிக்கும்படி அழுத்தி எழுதி, புருஷன் கண்ணில் படுமாறு கதவில் ஒட்டினாள்.

“நான் திருச்சுழிக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். கம்மங்கஞ்சி சட்டியில இருக்கு. வெங்காயத்தை நீங்களே உரிச்சுக்கோங்க. பக்கத்துல விசைத்தறி ஓடுது, நேருக்கு நேரா பேசுறதை மட்டும் பிடிக்கிற ஸ்பீக்கர்போனா வாங்குங்கன்னு கடையிலயே சொன்னேன். கேட்டீகளா? நாலு பக்கமும் பிடிக்கணும், நடந்துக்கிட்டே பேசணும்னீக. நல்லாத்தான் பிடிக்குது. அடுப்படியில இருந்து ‘சாப்பிட வாங்க’ன்னு நான் கூப்பிட்டது மெட்ராஸ் வரைக்கும் கேட்டிருக்கு. யாருன்னு உங்க மேனேஜர் கேட்டதும், வேலைக்கார அம்மான்னு நீங்க சொன்னதும் எனக்கும் கேட்டுச்சு.”

செருப்பை மாட்டிய பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

“மூணு மணிக்கு மீட்டிங் இருக்குன்னு தெரியும். இந்த ரூம் சாவி பக்கத்து வீட்டு கோட்டைச்சாமி மாமா தறியில இருக்கு. நான் யாருன்னு நீங்க மேனேஜர்கிட்ட சொன்னதை, அங்க வேலை பாக்குறவுக முன்னாடி ஒருக்கா சொல்லிட்டு வாங்கிக்கோங்க. சொன்னாத்தான் குடுக்கணும்னு மாமாகிட்ட சொல்லியிருக்கேன். தறி ஓடும். சத்தமாச் சொல்லுங்க.”