ஏழு, தண்ணி குடி

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

வீட்டுக்காரன் எழுதுவது. துவைத்த துணிகளுக்கு நடுவில் இதையும் மடித்து வைத்து ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறேன். போனில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். காகிதம் என்றால் என்னைப் பாதியில் நிறுத்த முடியாது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். குக்கர் கைப்பிடி உடைந்தது, மாற்றிவிட்டேன். அப்பா முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறார். கேட்டால், தாடையையும் காப்பாற்ற வேண்டாமா என்கிறார். என் சமையலைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டார். பழகிவிட்டதா, நம்பிக்கையே போய்விட்டதா தெரியவில்லை. எனக்கு வேலை பாதிதான். ஆள் வராத கட்டடங்களில் லிஃப்டும் சும்மா நிற்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது நாளைக்கு முன்னால் ஒரு நாள் விடுப்பில் வந்தாய். சாப்பிடும்போது மகளுக்கு விக்கல் எடுத்தது. நீ அவள் பெயரைச் சொல்லவில்லை. "ஏழு, தண்ணி குடி" என்றாய். அவளுக்கு ஏழு வயது என்பதால் செல்லமாகக் கூப்பிட்டதாக நினைத்து, "அம்மா எனக்குப் புதுப் பேரு வச்சிருக்காங்க" என்று தாத்தாவிடம் ஓடினாள். நானும் சிரித்தேன். நீ தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அவசர டியூட்டி என்று சொல்லி அன்று மாலையே கிளம்பிப் போனவள்தான், இன்னும் வரவில்லை. நோட்டு, பென்சில் டப்பா, குளியலறைக் கதவு என்று கண்ட இடத்திலெல்லாம் மகள் 7 எழுதி வைத்திருக்கிறாள்.

போன வாரம் உன் தலைமை நர்ஸைப் போய்ப் பார்த்தேன். உன்னிடம் சொல்லாமல் போனது தப்புதான். அன்று அவசர டியூட்டி எதுவும் இல்லை என்றார். தொற்று வார்டில் வேலை செய்பவர்கள் அங்கேயே தங்க வேண்டும் என்ற உத்தரவு முடிந்தே மூன்று வாரம் ஆயிற்றாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போய் வருகிறார்கள், நீதான் அடுத்தவர் முறையையும் கேட்டு வாங்கிக்கொள்கிறாயாம். எனக்குக் கோபம் வந்தது. வராததற்கு அல்ல, என்னிடம் மறைத்ததற்கு.

பிறகு மகளின் புதுப் பெயரைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். வார்டில் நோயாளிகளை நீங்கள் கட்டில் எண்ணைச் சொல்லித்தான் குறிப்பிடுவீர்களாம். ஏழாம் கட்டிலில் ஒரு தபால்காரர் பதினெட்டு நாள் இருந்தாராம். நீ வீட்டுக்கு வந்ததற்கு முந்தின நாள், உன் கையைப் பிடித்தபடியே இறந்துபோனாராம்.

உன் வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அவங்க வேலையில ஒரு குறையும் இல்ல. அதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். சத்தம் வந்தால்தான் திறந்து பார்ப்பேன். நீ சத்தம் போடவில்லை, நானும் பார்க்கவில்லை. அதற்கு என்னை மன்னித்துக்கொள். இறந்தவரின் எண்ணால் பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டோமே, இன்னொரு தடவை வாய் தவறினால் என்ன ஆகுமோ என்று பயந்துதான் வராமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எடை கூடியிருக்கிறது, வாய் அதைவிடக் கூடியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமைகளில் ஊழியர்களுக்காக மனநல மருத்துவர் வருகிறாராம். அறை மருந்தகத்துக்கு நேர் எதிரே இருப்பதால், யார் கண்ணில் படுவோமோ என்று ஒருவரும் போவதில்லையாம். சரக்கு லிஃப்டில் ஏறி முதல் மாடியில் இறங்கினால் நேராக அந்த அறையின் பின்கதவுக்கே போய்விடலாம். அதைப் பழுது பார்த்தவன் நான்தான். முனகும், ஆனால் பாதியில் நிற்காது. உன் விடுப்புத் தாளைத் தலைமை நர்ஸ் எழுதியே வைத்திருக்கிறார். உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

வருகிற வியாழக்கிழமை மகளுக்கு எட்டு வயது. நேற்றுக் கதவில் இருந்த 7-ஐ ஈரத்துணியால் துடைத்துவிட்டு, யோசித்தபடி என்னிடம் வந்தாள். "எட்டாச்சுன்னா அம்மா என்னை எட்டுன்னு கூப்பிடுவாங்களாப்பா?" என்று கேட்டாள். அம்மா வந்ததும் கேட்டுக்கொள் என்றேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று எட்டாம் கட்டிலைப் பற்றியும் விசாரித்து வைத்திருக்கிறேன். அந்த அம்மாள் போன மாதமே குணமாகி, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போய்விட்டாராம். வாசல்வரை கூடவே வந்து வழியனுப்பியது நீதானாம்.

அவளை நீ தாராளமாக எட்டு என்றே கூப்பிடலாம். வாய் தவறினாலும் பரவாயில்லை. நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லாதே, வந்துவிடு.

இப்படிக்கு,
வியாழக்கிழமை வேலைக்குப் போகாமல் வாசலிலேயே இருக்கப்போகும்
உன் வீட்டுக்காரன்