சரசு வைத்த வெள்ளைக் கற்கள்

கோபத்திலும் 'ஏனுங்க' என்பதை விடாத என் சரசுவுக்கு,

உன் பெயரில் ஒரு தகர போர்டு வைத்திருக்கிறார்கள். சேவூர் ரோட்டில் நீ சூப்பர்வைசராக இருந்த அதே தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில், காம்பவுண்டின் தெற்கு மூலையில். 'சரஸ்வதி நினைவுப் பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதி' என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கிறது. சந்தோஷமா? முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்.

உனக்குத் தெரிந்த அந்த மூலை இப்போது இல்லை. ஃபில்டர் கழுவிய தண்ணீரை நீ திருப்பிவிட்ட குழி, அதைச் சுற்றி வளர்ந்த கோரை, அதற்கப்பால் வெறும் சரளைத் தரை. ஆள்காட்டிக் குருவிகள் வருஷா வருஷம் அந்தச் சரளையில்தான் முட்டையிடும். கூடு கிடையாது, கல்லோடு கல்லாகக் கிடக்கும். லாரி ஏறிவிடக் கூடாதென்று சுண்ணாம்பு அடித்த கற்களை வட்டமாகச் சுற்றி வைப்பாய். "இந்த வெள்ளைக் கல்லத் தாண்டி ஒரு டயர் வரட்டும், அப்பறம் இருக்குதுங்க" என்று டிரைவர்களை நீ மிரட்டியதை அவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நானும் கேலி செய்திருக்கிறேன். "குருவிக்குக் காவலிருக்கத்தான் கம்பெனி சம்பளம் தருதா?" என்பேன். நீ சும்மா விடுவாயா?

"ஏனுங்க, நீங்க சாயப்பட்டறைல நின்னு நொய்யல் ஆத்துக்குக் கலர் ஊத்தறீங்க. நான் ஒரு குழிக்கு நல்ல தண்ணி விடறேன். ஒரே ஊட்ல ஒருத்தராவது நல்லது செய்யோணுமல்லங்க?"

சாயக் கழிவுக்காகக் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது, பட்டறை மூன்று ஷிப்டும் ஓடுகிறது, நானும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் காரியத்தன்று உன் கம்பெனி மேனேஜர் நம் வீட்டுக்கு வந்தார். "மேடம் பாதுகாத்த இடத்த நாங்க கைவிட மாட்டோம் சார்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நம்பினேன். இந்த ஆனியில் திறப்பு விழா என்று ரிப்பன் வெட்ட என்னையே கூப்பிட்டார்கள். நீ எடுத்துக்கொடுத்த நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.

போனால் புல்தரை. குழியை மண் போட்டு மூடி, ரோலர் ஓட்டி, பாயைப் போலச் சுருட்டிக் கொண்டுவந்த புல்லை விரித்திருந்தார்கள். நடுவில் ஒரு சிமெண்ட் மயில். நம் தெருக் குழாயில் என்றைக்கு வருமென்று பார்த்துக் கிடக்கிறோமே, அந்தக் குடிதண்ணீரைப் புல்லுக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். உன் வெள்ளைக் கற்களைப் புல்தரைக்கு பார்டராக அடுக்கிவிட்டார்கள்.

இரண்டு ஆள்காட்டிகள் கத்திக்கொண்டே எங்கள் தலைக்கு மேல் பாய்ந்து பாய்ந்து திரும்பின. மேனேஜர் மைக்கில் சொன்னார்: "பாருங்க, பறவைகளே வந்து நம்மள வாழ்த்துது." எல்லோரும் கைதட்டினார்கள்.

தரையில் முட்டை இருந்தால்தான் அது அப்படித் தலைமேல் பாயும் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற புல் காண்ட்ராக்டரிடம், "அந்த வெள்ளைக் கல்லு வட்டத்துக்குள்ள என்னங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"வட்டமுங்களா? அளவு போட்டு வெச்ச கல்லுன்னு நெனச்சனுங்க. நேத்து அங்கிருந்துதானுங்க ரோலர் ஓட்ட ஆரம்பிச்சோம்."

நீ இருந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பாய். நான் கத்தரிக்கோலைத் தட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ரிப்பனை மேனேஜரே வெட்டிக்கொண்டாராம். மறுநாள் போய், உன் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். "மேடத்துக்குப் பெருமைதானே சார், ஏன் எடுக்கணும்?" என்று டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்கவில்லை.

நொய்யலைக் கெடுத்தவன் குருவி முட்டைக்கு அழுகிறானா என்று நீயே கேட்பாய். கேள். ஆனால் நாங்கள் செய்வதை யாரும் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்வதில்லை சரசு. அதற்கு உன் பெயரையும் வைத்ததில்லை.

எனக்குத் தெரிந்தது கலர் ஒன்றுதான். தகரத்தில் சாயம் பிடிக்காது, அதனால் கருப்புப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி வண்டியில் வைத்திருக்கிறேன். பட்டப்பகலில், மேனேஜர் பார்க்கவே போய் உன் பெயர்மேல் அடிப்பேன். மற்ற எழுத்தெல்லாம் அப்படியே இருக்கட்டும். உன் பெயர் அங்கே இருக்காது.

இப்படிக்கு,
கலர் ஊத்தும் உன் வீட்டுக்காரன்,
பழனிச்சாமி