லாரி அடங்காத காரணம்

1943, ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

செய்தித்தாள் கட்டு ஏற்றும் எங்கள் லாரியை நேற்று இப்ராகிம் பட்டறையில் கொடுத்து, ஆயில் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி வாங்கினோம். இன்று விளாங்குடியில் நிறுத்தியபோது, மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் இரைந்துகொண்டே இருந்தது.

"இம்புட்டு இரைச்சல் ஆகாதுண்ணே. எங்கிட்டோ காத்து இழுக்குது," என்றார் டிரைவர் கருப்பையா. கார்புரேட்டரின் அடியில் ஈரத்துணியைச் சுற்றினார். இன்ஜின் அடங்கியது. துணியை எடுத்ததும் மறுபடி இரைந்தது.

கழற்றிப் பார்த்தோம். யுத்தத்தில், காற்றுப் புகாமல் இடையில் வைக்கும் பாக்கிங் கிடைப்பதில்லை என்று பட்டறைகளில் அட்டையை வெட்டி வைக்கிறார்கள். வைத்திருந்த அட்டை பெட்ரோலில் ஊறிப் பிய்ந்திருந்தது.

அது ஒரு கல்யாணப் பத்திரிகை. இப்ராகிம் பெயரும் அவன் மகள் சல்மா பெயரும் போன வெள்ளிக்கிழமைத் தேதியும் தெரிந்தன. இந்தக் கல்யாணத்தைப் பற்றி அவன் என்னிடம் சொல்லவே இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார், துணி பதுக்கியதாக எங்கள் செய்தித்தாளில் நான் எழுதிய வியாபாரி.

இப்ராகிம் எனக்கு இருபது வருடச் சிநேகிதன். பதுக்கிய இடத்தை எனக்குக் காட்டியதே அவன்தான். "என் பேரு மட்டும் வராமப் பாத்துக்க மாப்ள," என்றான். பார்த்துக்கொண்டேன்.

கருப்பையா வேறு அட்டை வெட்டி மாட்டினார். மாலையில் பட்டறைக்குப் போனேன்.

"வா மாப்ள. வண்டி எப்படி ஓடுது?"

"அடங்கிருச்சு. சல்மா எப்படி இருக்கா?"

அவன் ஸ்பானரைத் துடைத்தபடி, "நல்லா இருக்கா. உன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா," என்றான்.

கல்யாணப் பேச்சை எடுக்காமலே டீ வரவழைத்தான். குடித்துவிட்டு வந்தேன். ஏன் குடித்தேன் என்றுதான் தெரியவில்லை.